மெடிக்கல் ஷாப் அக்காவும் என்னோட 41 சதவீதமும்

வழக்கமா இங்க டேட்டாபேஸ், டிப்ளாய்மென்ட், வேலை மாறுறதுன்னு பேசுவோம். இந்த எபிசோட் வேற. ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி பேச்சுவாக்குல "எனக்கு கொலைட்டிஸ் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் நிறைய மெசேஜ். பாதிப் பேர் "என்ன டயட் ப்ரோ?"ன்னு கேட்டிருந்தீங்க, மீதிப் பேர் உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இதே நோய் இருக்குன்னு சொல்லியிருந்தீங்க. மாத்திரையை எப்படி எடுக்கணும்னு ஒருத்தர்கூட கேக்கல. நானும் முதல் ஒரு வருஷம் யார்கிட்டயும் அதைக் கேக்கலங்கிறதுதான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

பேசினதுல இருந்த "ஆங்", "அதாவது" எல்லாத்தையும் எடுத்துட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுத்தா போட்டிருக்கேன். இன்னொண்ணு: நான் இன்ஜினியர். டாக்டரும் இல்ல, ஃபார்மசிஸ்ட்டும் இல்ல, நோயாளி. இதுல வர டோஸ் எல்லாம் எனக்கு எழுதிக் கொடுத்தது. உங்களுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான்.

முதல்ல நோயைப் பத்திச் சுருக்கமா. எனக்கு இருக்கிறது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். நம்ம எதிர்ப்பு சக்தியே பெருங்குடலோட உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்கும். மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல்நோக்கி விடாம பரவும். இதோட உறவுக்கார நோய் க்ரோன்ஸ். அது வாயில இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரலாம், சிறுகுடலோட கடைசிப் பகுதியில அதிகம். ரெண்டையும் சேர்த்து ஐபிடின்னு சொல்வாங்க. ஐபிஎஸ்னு ஒண்ணு இருக்கு, அது வேற. மாத்திரை போட்டு இதை ஒரேயடியா முடிச்சுட முடியாது. அடக்கி வைக்கலாம். அடங்கியிருக்கிற காலத்தை ரெமிஷன்னு சொல்வாங்க, திரும்பக் கிளம்பினா ஃப்ளேர். அடங்கியிருக்கும்போதும் மாத்திரை எடுத்தாத்தான் அடங்கியே இருக்கும். இந்த ஒரு வரிதான் எனக்கு மண்டையில ஏறவே இல்ல.

2021-ல ஆரம்பிச்சப்போ எனக்கு வயசு 24. ரத்தம் போச்சு. நம்ம ஊர்ல ரத்தம் போனா முதல்ல மூலம், ரெண்டாவது சூடு. அம்மா போன்லயே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா சூடு ஏறாம என்ன பண்ணும்?" வெந்தயம், மோர், இளநீர்னு ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பாத்ரூம் போக ஆரம்பிச்சப்புறம்தான் குடல் டாக்டர், கொலனோஸ்கோபி, பயாப்சி எல்லாம்.

டாக்டர் நல்லவர்தான். ஆனா வெளிய முப்பது பேர் உக்காந்திருக்காங்க. எனக்குக் கிடைச்சது பத்து நிமிஷம். கையில மூணு மருந்து: மெசலமைன் மாத்திரை, மெசலமைன் எனிமா, ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டு. அடுத்த தடவை பார்க்கிறதுக்கு நடுவுல எத்தனை வேளை மருந்துன்னு எண்ணிப் பாருங்க. அத்தனையும் நான் தனியா வீட்டுல பண்ணவேண்டிய வேலை.

ரெண்டரை மணிக்கு வாங்க

வேளச்சேரியில நான் இருக்கிற தெருமுனையில ஒரு மெடிக்கல் ஷாப். பெரிய செயின் எல்லாம் இல்ல. பி.ஃபார்ம் படிச்ச ஒரு அக்கா உக்காந்திருப்பாங்க. நாப்பது வயசு இருக்கும். சீட்டைக் கொடுத்தேன். படிச்சுட்டு நிமிர்ந்து கேட்டாங்க.

"தம்பி, எனிமா எப்படிப் போடணும்னு சொன்னாங்களா?"

எனக்குப் பக்கத்துல ஒருத்தர் "டோலோ ஒரு அட்டை"ன்னு கையை நீட்டிட்டு நிக்கிறார். பின்னாடி ஒரு பாட்டி. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப் கவுன்டர்னா பாதி ரோடுதான். "யூட்யூப்ல பாத்துக்கிறேங்க்கா"ன்னு மெதுவா சொன்னேன். அவங்க விடல. "மத்தியானம் ரெண்டரைக்கு வாங்க, அப்போ கூட்டம் இருக்காது."

போனேன். ஒரு மாத்திரை கவரோட பின்பக்கத்துல பெருங்குடலை வரைஞ்சு காட்டினாங்க. குடல் இடது பக்கமா இறங்கி மலக்குடலுக்கு வருது. அதனால இடது பக்கமா படுத்து, இடது காலை நீட்டி, வலது காலை மடக்கிக்கணும். அப்போ மருந்து அதோட எடைக்கே உள்ள இறங்கும். ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி, பாத்ரூம் போயிட்டு வந்து போடணும். பாட்டிலை நல்லா குலுக்கணும். ஜில்லுனு இருந்தா குடல் உடனே வெளிய தள்ளப் பார்க்கும், கொஞ்ச நேரம் உள்ளங்கையில வெச்சுச் சூடாக்கிக்கோங்க. போட்டப்புறம் அரை மணி நேரமாவது அப்படியே படுங்க. கறை பிடிக்கும், பழைய துண்டு விரிச்சுக்கோங்க. முதல் சில நாள் உள்ள நிக்காது, வெளிய வந்துடும், அதுக்காக விட்டுடாதீங்க, புண் ஆற ஆற நிக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம் இல்லேன்னா நான் மூணாம் நாளே நிறுத்தியிருப்பேன். மாத்திரை மட்டும் எடுக்கிறதைவிட மாத்திரையும் எனிமாவும் சேர்த்து எடுக்கிறது நல்லா வேலை செய்யுங்கிறது சோதனைகள்ல உறுதியான விஷயம். ஆனா ஆரம்பத்துல எனிமாவை விட்டுட்டு மாத்திரையை மட்டும் வெச்சுக்கத்தான் எல்லாருக்கும் தோணும். கூச்சம்தான் காரணம்.

ஸ்டீராய்டு கதை இன்னும் நல்லா இருக்கும். சீட்டுல 40 மில்லிகிராம், வாரம் 5 குறைக்கணும்னு இருந்தது. 40, 35, 30 அப்படியே 5 வரைக்கும், மொத்தம் எட்டு வாரம். 20-ம் 10-ம் கலந்து வாங்கினா ஒவ்வொரு வாரமும் கணக்குப் போடணும். அக்கா டாக்டரோட கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு, எல்லாத்தையும் 5 மில்லிகிராம் மாத்திரையாவே கொடுத்தாங்க. முதல் வாரம் தினமும் காலைல சாப்பிட்டுட்டு எட்டு மாத்திரை. அடுத்த வாரம் ஏழு. அப்புறம் ஆறு. மொத்தம் 252 மாத்திரை. பாக்கப் பயமா இருக்கும், தப்பு பண்றதுதான் கஷ்டம். அந்த முடிவைப் பாத்து ஒரு புரோகிராமரா எனக்குப் பொறாமையா இருந்தது.

மூணாவது வாரம் முகம் ஊதிடுச்சு. தூக்கமும் வரல. ஆனா ரத்தம் நின்னுடுச்சு. "அக்கா, இதை நிறுத்திடறேன்"னு போய் நின்னேன். நம்ம உடம்புல அட்ரினல் சுரப்பி தினமும் கொஞ்சம் கார்டிசால் சுரக்கும். வெளியிலிருந்து வாரக்கணக்குல ஸ்டீராய்டு வந்துகிட்டே இருந்தா அது தன் வேலையைக் குறைச்சுக்கும். தினமும் தண்ணி லாரி வருதுன்னு வீட்டு போர் மோட்டாரை ஓட்டாம விட்ட மாதிரி. ஒரே நாள்ல லாரியை நிறுத்தினா மோட்டார் உடனே எடுக்காது. பிரஷர் இறங்கி, மயக்கம், வாந்தின்னு ஆபத்தாவே போகலாம். படிப்படியா குறைக்கிறது அதுக்குத்தான். இது தெரியாம அஞ்சாம் நாளே நிறுத்தினவங்களும் இருக்காங்க, சீட்டே இல்லாம மாசக்கணக்குல வாங்கிப் போடுறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே தப்பு.

மாத்திரை முழுசா வெளிய வந்தா

இது கொஞ்சம் அருவருப்பான விஷயம், சாப்பிட்டுக்கிட்டே கேக்கிறவங்க மன்னிக்கணும். எட்டு வாரம் முடிஞ்சு நல்லா ஆயிட்டேன். மெசலமைன் மட்டும் தினமும் ரெண்டு, ஒவ்வொண்ணும் 1.2 கிராம். ஒரு நாள் டாய்லெட்ல பாக்கிறேன், மாத்திரை அப்படியே முழுசா கிடக்கு. என் மண்டை போட்ட கணக்கு: இது கரையவே இல்ல, வேலையே செய்யல, ஆனாலும் நான் நல்லா இருக்கேன், அப்போ இது எதுக்கு?

யார்கிட்டயும் கேக்கல. மெதுவா விட ஆரம்பிச்சேன். முதல்ல ராத்திரி மாத்திரை போச்சு. அப்புறம் சனி ஞாயிறு. அப்புறம் ஊருக்குப் போனா எடுத்துட்டுப் போறதில்ல.

2022 ஜூலையில திரும்ப ரத்தம். டாக்டர்கிட்ட போனேன். "மாத்திரை ரெகுலரா எடுக்கறீங்களா?" "எடுக்கிறேன் டாக்டர்." பள்ளிக்கூடத்துல ஹோம்வொர்க் பண்ணியாச்சான்னு கேட்டா வர பதில், யோசிக்காமலே வந்துடுச்சு. அவரும் நம்பினார். மெசலமைன் எடுத்தும் நோய் கிளம்பியிருக்குன்னா மெசலமைன் போதலன்னு அர்த்தம். அடுத்த படி அசாதயோப்ரின், அதுக்கும் அடங்கலைன்னா ஊசின்னு சொன்னார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. நான் கொடுத்த இன்புட் பொய்.

புது சீட்டோட அக்காகிட்ட வந்தேன். அவங்க மருந்தை எடுக்கப் போகல. கம்ப்யூட்டர்ல என் போன் நம்பரை அடிச்சாங்க. ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாங்க.

"தம்பி, ஜனவரியில இருந்து பதினஞ்சு அட்டை தான் போயிருக்கு. வேற எங்கயாவது வாங்கினீங்களா?"

இல்ல. அட்டைக்குப் பத்து மாத்திரை. 150. ஜனவரி 1-ல இருந்து ஜூன் 30 வரைக்கும் 181 நாள், நாளைக்கு ரெண்டு, 362 வேணும். அன்னிக்கு ராத்திரி நானே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். 41 சதவீதம். வேலையில யாராவது "சர்வர் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது"ன்னு சொன்னா, "லாக் காட்டு"ன்னு கேக்கிறவன் நான். என் உடம்போட லாக் மெடிக்கல் ஷாப் பில்லிங் சாஃப்ட்வேர்ல உக்காந்திருக்குன்னு தோணவே இல்ல.

அக்கா திட்டல. ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க. டாய்லெட் விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சாங்க. "அது வெறும் ஓடு தம்பி."

விளக்கினது இதுதான். மெசலமைன் குடல் சுவர்மேல நேரடியா பட்டாத்தான் வேலை செய்யும். சாதாரண மாத்திரையா முழுங்கினா சிறுகுடல்லயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துல கலந்துடும், பெருங்குடலுக்குப் பெருசா எதுவும் வந்து சேராது. அதனால மேல ஒரு பூச்சு போடறாங்க. வயித்து அமிலத்துல அந்தப் பூச்சு கரையாது. சிறுகுடலோட கடைசிப் பகுதியில பிஹெச் 7 பக்கம் ஏறும்போதுதான் கரைஞ்சு திறக்கும். மருந்து வெளிய வந்தப்புறம் சில நேரம் அந்தக் கூடு மட்டும் மிச்சமா வெளிய வரும். அதுவே தினமும் வந்தா, இல்ல உடையாம கனமா வந்தா டாக்டர்கிட்ட சொல்லணும், குடல்ல வேகமா ஓடிடுதுன்னு அர்த்தமா இருக்கலாம். எப்பவாவது ஒண்ணு ரெண்டு கூடு வர்றதுக்குப் பயப்பட வேணாம். இதே காரணத்துக்காகத்தான் இந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பிராண்டுக்குப் பிராண்டு திறக்கிற விதம் வேற வேற, அதனால "அது இல்ல, இது ஒண்ணுதான்"னு கடையில மாத்திக் கொடுத்தா டாக்டருக்குத் தெரியாம வாங்கிக்கக் கூடாது.

முப்பது செகண்ட் விளக்கம். ஆறு மாசம் முன்னாடி கிடைச்சிருந்தா நான் மாத்திரையை விட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் அசாதயோப்ரினைக் கொடுக்காம, ஒரு துண்டுச் சீட்டுல நான் மாத்திரை வாங்கின தேதியை எல்லாம் எழுதிக் கையில கொடுத்தாங்க. "இதை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறமும் இதே மருந்துதான்னா உடனே தர்றேன்." ஒரு கடைக்காரர் விற்பனையை வேணாம்னு திருப்பி அனுப்புறதை அன்னிக்குத்தான் பாத்தேன். வெக்கமா இருந்தது, ஆனா போனேன். டாக்டர் சீட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், பழைய சீட்டை அடிச்சார். மெசலமைன் 4.8 கிராம், மொத்தத்தையும் ஒரே வேளையா காலையில. ராத்திரி எனிமா. பிரிச்சு எடுக்கிறதும் ஒரே வேளையா எடுக்கிறதும் பலன்ல ஒண்ணுதான்னு பல சோதனைகள்ல பாத்திருக்காங்க. எனக்கு ராத்திரி மாத்திரைதான் முதல்ல தவறினதுன்னு அக்கா அந்தத் துண்டுச் சீட்டுலயே எழுதியிருந்தாங்க. ஆறு வாரத்துல ரத்தம் நின்னுச்சு.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற ஒரு மருந்தைத் தேவையே இல்லாம ஆரம்பிக்கிறதுல இருந்து நான் தப்பிச்சேன். காரணம், ஒருத்தங்க ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாங்க.

இதை அப்புறம் தேடிப் படிச்சேன். 2003-ல தி அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வு, சுனந்தா கேன்னு ஒரு குடல் டாக்டரும் அவங்க குழுவும் பண்ணினது. ரெமிஷன்ல இருந்த, மெசலமைன் எடுத்துக்கிட்டிருந்த 99 பேர். எழுதிக் கொடுத்ததுல 80 சதவீதமாவது வாங்கினவங்க ஒரு பக்கம், அதுக்குக் கீழ இன்னொரு பக்கம். கீழ இருந்தவங்களுக்கு நோய் திரும்ப வர வாய்ப்பு அஞ்சு மடங்குக்கும் மேல. ஒழுங்கா எடுத்தவங்க ரெமிஷன்லயே இருக்க 89 சதவீத வாய்ப்பு, மத்தவங்களுக்கு 39. சின்ன ஆய்வுதான். ஆனா யார் ஒழுங்கா எடுத்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? நோயாளி சொன்னதை வெச்சு இல்ல. மருந்துக் கடை ரெக்கார்டை வெச்சு. அக்கா பண்ணின அதே வேலை.

அசா, அசி

கதை இங்க சுபமா முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். முடியல. 2023 கடைசியில, 96 சதவீதம் ஒழுங்கா எடுத்தும், திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை டாக்டர் கேட்டப்போ நான் ஷீட்டையே காட்டினேன். அப்போ அசாதயோப்ரின் நிஜமாவே தேவைன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது.

இந்த மருந்தைப் பத்தி ஃபார்மசிஸ்ட் சொன்னாத்தான் தெரியக்கூடிய விஷயம் நிறைய. இது ரத்த அணுக்களைக் குறைக்கலாம். சிலருக்கு மரபணுவுல ஒரு சின்ன மாற்றம் இருந்தா ரொம்பவே குறைச்சிடும். என்.யு.டி.டி 15-ன்னு ஒரு மரபணு, அதுல வர மாற்றம் ஐரோப்பியர்களைவிட நம்ம ஆசியக்காரங்ககிட்ட அதிகம். எனக்கு முன்கூட்டியே டெஸ்ட் எடுத்தாங்க. அப்புறம் முதல் மாசம் வாரா வாரம் சிபிசி, இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை, கூடவே கல்லீரல் டெஸ்ட். அக்கா பில் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாங்க: "சிபிசி எடுத்தாச்சா?" எந்தச் சட்டமும் அவங்களைக் கேக்கச் சொல்லல. ஆனா நான் மறந்த ரெண்டு தடவையும் அந்தக் கேள்விதான் என்னை லேபுக்கு அனுப்புச்சு.

வேலை செய்ய ரெண்டு மூணு மாசம் ஆகும். மூணாவது வாரத்துல "ஒண்ணும் ஆகல"ன்னு நிறுத்தக் கூடாது. யூரிக் ஆசிட்னு யாராவது அலோப்யூரினால் எழுதினா, இந்த மாத்திரை எடுக்கிறதைக் கண்டிப்பா சொல்லணும். அலோப்யூரினால் இது உடைஞ்சு வெளியேறுற ஒரு வழியை அடைச்சிடும், மருந்து உடம்புல ஏறி ரத்த அணு விழுந்துடும். ரெண்டும் வேணும்னா டாக்டர் டோஸை நாலுல ஒரு பங்கு அளவுக்குக் குறைச்சுத்தான் கொடுப்பாங்க. பல் டாக்டர்கிட்ட போனாலும், தோல் டாக்டர்கிட்ட போனாலும், இதைச் சொல்லணும்.

இப்போ ஒரு சம்பவம். தீபாவளிக்கு ஊருக்குப் போனேன், மாத்திரையை மறந்துட்டேன். அங்க ஒரு கடையில போய் வாயால சொன்னேன், "அசாதயோப்ரின் 50". பையன் உள்ள போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து பில் போட்டுட்டான். வெளிய வந்து பாத்தா அசித்ரோமைசின் 500. ஆன்டிபயாடிக். பேர் ஆரம்பம் ஒரே மாதிரி, அங்க தினமும் பத்துப் பேர் கேக்கிறது அசித்ரோமைசின்தான், பையன் காதுல அதுதான் விழுந்திருக்கு. அட்டையில பெரிய எழுத்துல இருக்கிற பிராண்டை விட்டுட்டு சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படிங்கன்னு அக்கா சொல்லிக் கொடுத்திருந்ததால கண்ணுல பட்டுச்சு. மாத்திக் கொடுக்கச் சொன்னேன், அந்த மருந்து அங்க ஸ்டாக்கே இல்ல. அடுத்த நாள் டவுனுக்குப் போய் வாங்கினேன்.

அதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. காய்ச்சல், தொண்டை வலின்னா நம்ம ஆளுங்க நேரா கடைக்குப் போய் அசித்ரோமைசின்தான் வாங்குவாங்க. அசாதயோப்ரின் எடுக்கிறவங்களுக்கு அதே காய்ச்சலும் தொண்டை வலியும் வெள்ளணு விழுந்ததோட முதல் அறிகுறியா இருக்கலாம். முதல்ல டாக்டர், சிபிசி. கடையில வாங்கி ரெண்டு நாள் அடக்கிப் பார்க்கிற விஷயம் இல்ல.

அதே மாதிரி முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென். எங்களுக்கு இதெல்லாம் ஃப்ளேரைக் கிளப்பிவிடலாம். பாரசிட்டமால் பரவாயில்ல. ஃப்ளேர் கடுமையா இருக்கும்போது வயித்துப்போக்கை நிறுத்தறேன்னு லோபரமைடு போட்டா குடல் உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் பத்து மணி நேரம் கால்ல உக்காந்துட்டு முதுகு பிடிச்சுப் போய் வலி மாத்திரை கேட்டேன். அக்கா கொடுக்கல. அவங்க சம்பாதிக்கிறது மாத்திரை விக்கிறதுல மட்டும்தான். எனக்கு மாத்திரை கொடுக்காம விட்டதுக்கும், ரெண்டரை மணிக்குப் படம் வரைஞ்சதுக்கும் அவங்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. மருந்தைப் பத்தி நோயாளிக்கு எடுத்துச் சொல்றது ஃபார்மசிஸ்ட் கடமைன்னு 2015-லேயே பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ் வந்தாச்சு. ஆனா அதுக்குன்னு ஒரு கட்டணம் யாரும் கொடுக்கிறதில்ல, கவுன்டர்ல நிக்கிறவர் பல இடத்துல ஃபார்மசிஸ்ட்டே இல்ல. இங்கிலாந்துல 2011-ல இருந்து ஒரு திட்டம் இருக்கு. குறிப்பிட்ட சில நோய்களுக்குப் புது மருந்து ஆரம்பிச்சா, பக்கத்துக் கடை ஃபார்மசிஸ்ட் ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு எப்படிப் போகுதுன்னு கேப்பார், அப்புறம் இன்னொரு தடவை. அதுக்கு என்.எச்.எஸ் அவருக்குப் பணம் கொடுக்குது. நம்ம ஊர்ல 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருது, நல்ல விஷயம். எங்க நோய்க்கு அந்த மாதிரி வாசல் தட்டுறவங்க யாரும் கிடையாது. அக்கா மாதிரி ஒருத்தர் தெருமுனையில இருந்தா அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஊசி

என் காலேஜ் ஜூனியர் ஒருத்தனுக்கு க்ரோன்ஸ். ரெண்டு வாரத்துக்கு ஒரு அடலிமுமாப் ஊசி, வீட்டுல தானே போட்டுக்கிறான். இந்த மருந்தோட உலகத்துலேயே முதல் பயோசிமிலரை 2014 டிசம்பர்ல கொண்டுவந்தது இந்தியாவுல, ஸைடஸ் கம்பெனி. இதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் கட்டாயம், உள்ள தூங்கிட்டு இருக்கிற டிபியை இது எழுப்பிவிடும். ஆரம்பிச்சப்புறமும் ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுதுன்னா சும்மா இருக்கக் கூடாது.

ஊசி 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைக்கக் கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான், கரைஞ்சாலும் ஆகாது. கதவு ஷெல்ஃபும் வேணாம், திறந்து மூடுறதுல சூடேறும். நடு தட்டு, ஒரு டப்பாக்குள்ள. போடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வெச்சா வலி குறையும். குலுக்கக் கூடாது.

இதுல ஒரு காமெடி இருக்கு. முதன்முதல்ல வந்த பிராண்டோட லீஃப்லெட்ல, தேவைப்பட்டா 25 டிகிரி வரைக்கும் 14 நாள் வெளிய வைக்கலாம்னு இருக்கும். இவன் அதை "ரூம் டெம்பரேச்சர்"னு மனசுல வெச்சுக்கிட்டு, மே மாசம் மதுரைக்குக் கிளம்பிட்டான் பைக்குள்ள ஊசியோட. ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்ட் பிடிச்சு நிறுத்தினார்: "மே மாசத்துல உங்க ரூம் என்ன டெம்பரேச்சர்?" ஐஸ் பேக் வெச்ச பை, ஐஸ் ஊசிமேல நேரா படாம நடுவுல துணி, போய்ச் சேர்ந்ததும் ஃப்ரிட்ஜ். கரன்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க, எத்தனை மணி நேரம் போச்சுன்னு குறிச்சு வெச்சு ஃபார்மசிஸ்ட்டுக்கு போன் பண்ணுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்கன்னும் சொல்லி அனுப்பினார். பிராண்டுக்குப் பிராண்டு இந்தக் கணக்கு மாறும், உங்க பெட்டியில இருக்கிறதைப் படிங்க.

ஒரே கடை

ஆப்ல வாங்கினா இருபது சதவீதம் தள்ளுபடி, எனக்கும் தெரியும். கொஞ்ச நாள் நானும் மூணு ஆப்ல மாத்தி மாத்தி வாங்கினேன். அப்போ என் லாக் மூணு இடத்துல சிதறிடுச்சு. யாருக்கும் முழுப் படம் தெரியாது, எனக்கும் சேர்த்து. இப்போ குடல் மருந்து எல்லாம் அக்கா கடை. ஷாம்பூ, சோப்பு ஆப்ல. ஆப்லதான் வாங்கியாகணும்னா ஒரு ஷீட் போடுங்க: வாங்கின தேதி, எத்தனை மாத்திரை, நாளைக்கு எத்தனை. வாங்கினதைத் தேவையால வகுத்தா சதவீதம். அது 80-க்குக் கீழ இருக்கும்போது "மருந்து வேலை செய்யல"ன்னு டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. 80-க்குக் கீழன்னே சொல்லுங்க. ஏன்னு காரணமும் சொல்லுங்க. விலையா இருக்கலாம், மாத்திரை பெருசா இருக்கலாம், கல்யாணப் பேச்சு நடக்குது வீட்டுல யாரும் பாக்கக் கூடாதுன்னு இருக்கலாம். எனக்கு வந்த மெசேஜ்ல மூணு பேர் இந்தக் கடைசிக் காரணத்தை எழுதியிருந்தீங்க. அதுக்குத் தனியா ஒரு எபிசோட் பண்ணணும்.

அக்காவையே இந்த எபிசோடுக்குக் கூப்பிட்டேன். மைக், ஹெட்போன் எல்லாம் கடைக்கே கொண்டுபோனேன். "கவுன்டரை யார் பாப்பா?"ன்னு கேட்டுட்டு அடுத்தவர் சீட்டை வாங்கிட்டாங்க. நான் கிளம்பும்போது பின்னாடியிலிருந்து குரல்: "தம்பி, இந்த மாசம் சிபிசி?"

நாளைக்குக் காலைல போறேன். அடுத்த எபிசோட்ல கியூ சிஸ்டம்ஸ் பத்திப் பேசலாம்.